“வெள்ளைக்காரன் காலத்துத் தேக்கு” என்று தரைப் பலகை விற்கிறார்கள், கவனம்

திருகோணமலையில் வீடு கட்டுகிறவர்கள், திருத்துகிறவர்கள் யாராவது பழைய மரப் பலகையில் தளம் போட யோசித்தால், முற்பணம் கொடுக்கும் முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். எனக்குப் போனது 385,000 ரூபாய். காசைவிட, அம்மாவுக்காக ஆசை ஆசையாகச் செய்த வேலை ஒரு மாரிகூடத் தாங்காமல் போனதுதான் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

அம்மா பிறந்து வளர்ந்த வீட்டில் மேல்மாடிக்குப் பாலை மரப் பலகைதான் தளம். 1990-இல் அந்த வீடு எரிந்துபோனது. இப்போது முழங்கால் வருத்தம் வந்த பிறகு, மாபிள் தரையில் நடந்தால் கால் உளைகிறது, அந்தப் பலகையில் நடந்த காலத்தில் இப்படி இல்லை என்று அடிக்கடி சொல்வார். சரி, உவர்மலை வீட்டின் முன் விறாந்தையை அடைத்து 15 அடிக்கு 14 அடியில் அறையாக்கும்போது அதற்குப் பலகையே போட்டுவிடுவோம் என்று முடிவெடுத்தோம். பழைய மரம் என்றால் இன்னொரு மரத்தை வெட்டத் தேவையில்லை, ஏற்கெனவே காய்ந்து இறுகியிருக்கும் என்ற எண்ணமும் இருந்தது. அந்த எண்ணத்தில் பிழை இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நான் வாங்கியது பழைய மரமே இல்லை, அதுதான் விஷயம்.

நகரத்துக்கு வெளியே, இடித்த வீடுகளின் கதவு, நிலை, தீராந்தி எல்லாம் விற்கும் ஒரு இடம். பெயரைச் சொல்லப் போவதில்லை. மேசையில் ஒரு பலகை, சீவி, எண்ணெய் பூசி, பார்க்கவே அழகாக வைத்திருந்தார்கள். “துறைமுகப் பக்கத்துப் பழைய கட்டடத்தில கழட்டினது அக்கா, வெள்ளைக்காரன் காலத்துத் தேக்கு, இனிக் காசு குடுத்தாலும் கிடைக்காது” என்றார் கடைக்காரர். நம் ஊரில் இந்தக் கதை சுலபமாக எடுபடும். பிரித்தானியக் கடற்படை 1957 வரை இங்கே இருந்தது, அந்தக் காலத்துக் கட்டடங்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள், அதனால் எந்தக் கட்டடம், எப்போது கழற்றினீர்கள் என்று கேட்கவே தோன்றவில்லை. அந்த மேசைப் பலகை உண்மையில் தேக்குத்தான். நான் பார்த்த ஒரே ஒரு நல்ல பலகையும் அதுதான்.

சதுர அடி 1,400 ரூபாய். அறைக்கு 210 சதுர அடி, வெட்டுக்கழிவுக்கு 30, மொத்தம் 240 என்று கணக்குப் போட்டு 336,000 சொன்னார், 200,000 முற்பணம் வாங்கினார். இந்த 240-ஐக் கொஞ்சம் நின்று பாருங்கள். பலகைகள் நாக்கும் காடியும் வைத்தவை, அதாவது ஒன்றின் நாக்கு மற்றதன் காடிக்குள் போய் மறைந்துவிடும். அவர் அளந்தது நாக்கையும் சேர்த்து 4 அங்குலம், தரையை மூடுவது மூன்றரை அங்குலம்தான். எட்டில் ஒரு பங்கு கணக்கில் இருக்கிறது, தரையில் இல்லை. 240-இல் எட்டில் ஒன்று சரியாக 30! கழிவுக்கு என்று நான் காசு கொடுத்த 30 சதுர அடி முழுவதும் நாக்குத்தான். முனை வெடித்த பலகைகளை வெட்டி எறிந்ததும் 35 சதுர அடி குறைந்துவிட்டது, “அதே மரந்தான்” என்று இன்னொரு கட்டு கொண்டுவந்து அதற்கும் 49,000 வாங்கிக்கொண்டார்கள்.

லொறியில் வந்து இறங்கியபோதே பலகை முழுவதும் கடும் தேயிலைச் சாயம் போல ஒரு நிறம் பூசியிருந்தது, வெட்டு முனையில்கூட. தரையில் போட்டால் முனையை யாரும் பார்க்கப் போவதில்லை, பிறகு ஏன் அதற்குச் சாயம் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

ஓகஸ்ட் மாதம், வறண்ட கச்சான் காற்றடிக்கும் நாட்களில், கடைக்காரரின் ஆட்களே வந்து இரண்டே நாளில் பலகையைச் சுவரோடு சுவர் இறுக்கி அடித்து, ஓரத்தைச் சீமெந்தால் பூசி முடித்தார்கள். அம்மா வெறுங்காலோடு அறையைச் சுற்றி நடந்து பார்த்தார், அன்றைய அவர் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

நவம்பரில் மழை பிடித்தது. ஒரு காலையில் அறைக் கதவு திறக்கவில்லை. உள்ளே நடுத்தரை முதுகு வளைந்த மாதிரி எழும்பி நிற்கிறது, இரண்டு பலகையின் நாக்கு முறிந்து வெளியே தெரிகிறது. கடைக்காரருக்குப் போன் எடுத்தால், “மழைக்கு மரம் ஊதுந்தானே அக்கா, வெயில் வர இறங்கிடும்” என்றார், அதற்குப் பிறகு என் அழைப்பையே எடுக்கவில்லை. மாரியில் மரம் ஊதுவது உண்மை. காற்றின் ஈரப்பதன் 65 வீதமாக இருக்கும்போது மரத்துக்குள் 12 வீதம் அளவில் ஈரம் நிற்கும், 80 வீதமானால் அது 16-க்குக் கிட்டப் போகும். அதற்குப் பலகை அகலவாக்கில் நூற்றுக்கு ஒன்று விரிந்தாலும் 14 அடி அறையில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வரும். அதற்குத்தான் சுவர் ஓரம் நெடுக இடைவெளி விட்டு, மேலே பட்டி அடித்து மறைப்பார்கள். கடலோரத்தில் இத்தனை வருடம் மர வேலை செய்கிறவர்களுக்கு இது தெரியாது என்று சொல்லாதீர்கள்.

பெப்ரவரியில் வேறு ஒன்று தொடங்கியது. காலையில் கூட்டினால் பலகை மேல் குட்டிக் குட்டிக் குவியலாக மா, அரிசி மா போலவே. பக்கத்தில் குண்டூசித் தலையளவு ஓட்டைகள். மூதூரிலிருந்து வயதான ஓடாவியார் (மர வேலைக்காரர்) ஒருவரைக் கூட்டிவந்தேன். குனிந்து அந்த மாவை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “பிள்ளை, வாளை எடு, ஒரு முனையை அரிஞ்சு பார்ப்பம்” என்றார். அரிந்ததும் உள்ளே வெளேரென்று இருந்தது. ரப்பர் பலகை. அதில் மாச்சத்து கூட, உளு என்ற மரம் துளைக்கும் பூச்சி அதைத்தான் தேடித் தின்னும், மருந்து ஏற்றாமல் போட்டால் இதுதான் கதி என்றார். ஒவ்வொன்றாகக் கழற்றி அரிந்து பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேக்கு இல்லை. தேக்காக இருந்ததிலும் பாதி இளம் மரத்தின் வெளிறு, அதாவது வெளிப்பக்கத்து மென்மரம், உள்ளே இறுகிய வைரம் இல்லை. கடைசியாக வந்த கட்டு முழுவதும் ரப்பர்.

அன்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இது எனக்கு முன்னமே தெரிந்திருந்தால் ஏமாந்திருக்க மாட்டேன். மேசையில் இருக்கும் பலகையைப் பார்க்காதீர்கள். குவியலின் அடியிலிருந்து நீங்களே நாலைந்து இழுத்து, உங்கள் கண்முன் முனையை ஒரு அங்குலம் அரியச் சொல்லுங்கள், சம்மதிக்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பழைய தேக்கை இன்று அரிந்தாலும் அதன் மணம் வரும், தூளைத் தொட்டால் எண்ணெய்ப் பசை தெரியும். ஆணி ஓட்டைகளைப் பாருங்கள்: இரும்பு வருடக்கணக்காக இருந்த இடத்தைச் சுற்றி மரத்துக்குள் கறுப்பு இறங்கியிருக்கும். என் பலகைகளில் இருந்த ஓட்டைகள் சுத்தமாக இருந்தன, பழசு போலக் காட்ட அடித்த ஓட்டைகள். பாலை, முதிரை, சமண்டலை என்று சொல்லி விற்றால் தூக்கிப் பாருங்கள், கை இழுக்கும் பாரம் இருக்க வேண்டும். “திருகோணமலை மரம்” என்று நம் ஊர்ப் பெயரிலேயே உலகம் அறிந்த மரம் அந்தச் சமண்டலை, ஒரு காலத்தில் சென்னைப் பக்கம் கயிற்றால் தைக்கும் மசூலா வள்ளம் கட்ட இங்கிருந்துதான் போனது.

பழைய மரம் என்பதால் காய்ந்திருக்கும் என்றும் நம்பாதீர்கள், வெட்டவெளியில் மழையில் கிடந்தால் திரும்ப ஈரம் குடிக்கும். இரண்டு முள் குத்தி மரத்தின் ஈரத்தை அளக்கும் மொயிஸ்சர் மீற்றர் ஒன்றை இரவலாக என்றாலும் வாங்கிக்கொண்டு போங்கள். பலகையை வீட்டுக்குள் கொண்டுவந்து இடையில் சட்டம் வைத்து அடுக்கி, சில வாரமாவது விட்ட பிறகு போடுங்கள். அந்த நாட்களில் கீழே கறுப்புத் துணி விரித்து வைத்தால் உளு மா விழுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொன்று. தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டையை அரிந்து மலிவாகத் தருகிறேன் என்று பிறகு வேறொருவர் வந்தார். கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றிய கட்டையாக இருந்தால் அதை வீட்டுக்குள் போடவே கூடாது, புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடிய சாமான் அது, பிள்ளைகள் தவழும் தரையில் வேண்டவே வேண்டாம். பழைய பெயின்ற் உள்ள கதவுப் பலகையைத் தேய்ப்பதும் அப்படித்தான், அந்தக் காலப் பெயின்றில் ஈயம் இருக்கலாம்.

என்னிடம் பற்றுச்சீட்டு இல்லை. துண்டுக் கடதாசியில் எழுதிய ஒரு தொகை மட்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம் என்பது எனக்குத் தெரியும், கேட்டால் பற்றுச்சீட்டு தரவேண்டியது கடைக்காரரின் கடமை என்பதும் தெரியும், ஆனாலும் அன்று கேட்காமல் விட்டேன். நீங்கள் கேளுங்கள். மரத்தின் பெயர், நாக்கு நீக்கி மூடும் அளவு, ஈர வீதம், உளு வந்தால் யார் பொறுப்பு, நான்கையும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

தேறிய தேக்குப் பலகைகளை ஓடாவியார் அம்மாவின் கட்டிலடியில், ஓரத்தில் இடைவெளி விட்டு, 40 சதுர அடிக்குப் போட்டுத் தந்தார். மற்ற இடம் வெறும் சீமெந்தாகக் கிடக்கிறது. அரிந்த துண்டுகளில் தேக்கு ஒன்று, சாயம் பூசிய ரப்பர் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், பலகை வாங்கப் போகிறவர்கள் உவர்மலைப் பக்கம் வந்தால் கையில் எடுத்து மணந்து பார்த்துவிட்டே போகலாம்.