மாம்பழத்தோல் மின்னும், சரி, விளக்காக எரியுமா?

காவேரிப்பட்டினத்தில் மாங்கூழ் ஆலைகளுக்கு பெங்களூரா மாம்பழம் ஏற்றிய லாரிகள் வரிசை கட்டும் மாதத்தில் அக்கா மகள் கேட்டாள்: “ப்ராஜெக்டுக்கு ஓஎல்இடி எடுக்கட்டுமா, குவாண்டம் டாட் எடுக்கட்டுமா மாமா?” ஓஎல்இடி என்றால் மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் கரிமப் படலம். குவாண்டம் டாட் என்றால் அளவைப் பொறுத்து நிறம் மாறும் நானோ துகள். தர்மபுரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். அவளுடைய சீனியர்கள் மாம்பழத்தோலில் கார்பன் டாட், அதாவது கார்பனால் ஆன அதே மாதிரித் துகள், செய்து, யூவி டார்ச் அடித்து, நீலமாக மின்னும் குப்பியைப் படம் பிடித்து முடித்துவிட்டார்கள். இவளுக்கு அது போதாதாம். பேட்டரி கொடுத்தால் எரிய வேண்டுமாம்.

அந்த ஆசைதான் கணக்கை மாற்றுகிறது.

செய்முறை என்று பார்த்தால் நானோ பக்கம்தான் சுலபம். தோலைத் தண்ணீரோடு ஆட்டோகிளேவ் என்கிற அழுத்தக் கலனில் போட்டு 180 டிகிரியில் சில மணி நேரம் வைத்து வடிகட்டினால் கார்பன் டாட் தயார். நிறத்திலும் நானோதான் கெட்டி. காட்மியம் செலினைடு துகள் 2 நானோமீட்டர் இருந்தால் நீலம், 6 இருந்தால் சிவப்பு. ஒரே மாவு, குழியின் அளவு மட்டும் வேறு. இந்தத் துறைக்காகத்தான் எகிமோவ், புரூஸ், பவெண்டி மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல் கிடைத்தது. நிற அகலம் 20, 30 நானோமீட்டருக்குள் அடங்கும். ஓஎல்இடியின் கரிம மூலக்கூறில் நிறத்தை மாற்ற மூலக்கூறையே மாற்ற வேண்டும். வருகிற ஒளியும் பெரும்பாலும் அகலமாகப் பரவியிருக்கும்.

ஆனால் நச்சு உலோகமான காட்மியத்தை அவள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மின்னணுப் பொருட்களில் எடையில் 0.01 சதவீதம்தான் ஐரோப்பிய ஒன்றிய விதியின் உச்சவரம்பு. மாற்றாகச் சொல்லப்படும் இண்டியம் பாஸ்பைடைச் செய்ய, காற்றே படாத ஏற்பாடு வேண்டும்.

மின்சாரம் என்று வந்துவிட்டால் கதை தலைகீழ். குவாண்டம் டாட்டின் மேல் ஒலியிக் அமிலம் போன்ற நீளமான எண்ணெய்ச் சங்கிலிகள் முடிபோல ஒட்டியிருக்கும். அவை இல்லாவிட்டால் துகள்கள் திரண்டுவிடும். இருந்தால் மின்சாரம் உள்ளே போகத் திணறும். காக்கிற முடியே மறிக்கவும் செய்கிறது. ஆய்வகங்கள் இதைத் தாண்டாமல் இல்லை, 2014இலேயே சிவப்பில் 20 சதவீதத் திறனைத் தொட்டார்கள். இருந்தும் கடையில் ‘கியூஎல்இடி’ என்று விற்கும் டிவிகளில் டாட்டுக்கு நேரடியாக மின்சாரம் போவதில்லை. பின்னால் நீல எல்இடி எரிகிறது, டாட் பூசிய படலம் அந்த ஒளியை நிறம் மாற்றித் தருகிறது, அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால் சீனியர்களின் டார்ச்சும் குப்பியும் அதே வித்தைதான், பாவம்.

கரிமப் பொருட்கள் மின்சாரத்தோடு எப்போதோ பழகிவிட்டன. 1987இல் கோடாக் நிறுவனத்தின் டாங்கும் வான் ஸ்லைக்கும் இரண்டு மெல்லிய படலங்களை அடுக்கி, 10 வோல்ட்டுக்கும் கீழே பச்சை ஒளி எடுத்தார்கள். ஒரு பக்கம் எலக்ட்ரான், மறுபக்கம் துளை, அதாவது எலக்ட்ரான் இல்லாத காலி இடம். நடுவில் சந்தித்தால் ஒளி. சந்திக்கும் ஜோடிகளில் நூற்றுக்கு 25 மட்டுமே சாதாரண மூலக்கூறில் ஒளியாகும், மீதி 75 வெப்பமாகப் போகும். அந்த 75ஐயும் பிடிக்க இரிடியம் என்ற உலோகம் சேர்த்த மூலக்கூறுகள் வந்தன. 2012இல் ஜப்பானின் அடாச்சி குழு விலையுயர்ந்த அந்த உலோகம் இல்லாமலே பிடித்துக் காட்டியது.

ஓஎல்இடிக்கு எதிரி ஈரம். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீராவி கசிந்தாலே அதிகம் என்கிற அளவுக்கு மூடி வைக்க வேண்டும். நம்ம ஊர் வறண்ட காற்றெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. போதாக்குறைக்கு வெற்றிட அறையும் கேட்கும்.

அதனால் குறுக்கு வழி ஒன்று சொன்னேன். ருத்தேனியம் பைப்பிரிடின் சேர்மத்தை மின்சாரம் கடத்தும் ஐடிஓ கண்ணாடியில் பூசி, மேலே காலியம்-இண்டியம் திரவ உலோகத்தை ஒரு சொட்டு வைத்தால் வெற்றிடமே வேண்டாம். சில வோல்ட் போதும், இருட்டறையில் சிவப்பாக ஒளிரும். கரிமமும் உலோகமும் கலந்த சேர்மம்தான், சுத்த ஓஎல்இடி இல்லை. நீண்ட நேரமும் நிற்காது. ஆனால் பேட்டரியில் எரியும்.

“பூசுவதற்குச் சுழல்கிற மெஷின் வேணுமே?”

பழைய கம்ப்யூட்டர் விசிறியில் கண்ணாடியை ஒட்டிச் சுற்றலாம் என்றேன். அன்று மாலையே என் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.