ரெஃபரல் துண்டோட அலைஞ்ச கத: மலையகத்துல சில வருஷ அனுபவம்

அம்மாவுக்கு பக்கவாதம் வந்து சில வருஷமாச்சு. அதுல இருந்து இந்த ரெஃபரல்ங்கிற சமாச்சாரத்த, அதாவது ஒரு இடத்துல பாத்துட்டு அடுத்த இடத்துக்குத் துண்டு எழுதி அனுப்புறத, நாங்க குடும்பமா யூஸ் பண்ணிக்கிட்டே வாறோம். ஃபோனுக்கு ரிவ்யூ போடுறாங்க, ரைஸ் குக்கருக்குப் போடுறாங்க, இதுக்கு யாரும் போட்டத நான் பாக்கல, அதான் எழுதுறேன். சுருக்கமா கேட்டா, நோயாளிய மேல அனுப்பி விடுறது பரவாயில்லாம நடக்குது, வைத்தியம் முடிஞ்சு திரும்பி வீட்டுக்கு வாற வழியிலதான் கேக்க ஆளே இல்ல.

நாங்க இலங்கை மலையகத்துல பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். இங்க வரிச எப்படின்னா, முதல்ல தோட்டத்து டிஸ்பென்சரி, அங்க மருந்து குடுக்கிற ஐயா பாத்துட்டு துண்டு எழுதுவாரு, பொறகு பிரதேச ஆஸ்பத்திரி, அங்கயும் முடியலன்னா டிக்கோயா, அதுக்கும் மேலன்னா நாவலப்பிட்டியோ கண்டியோ. டிக்கோயாவுல இருக்கிற 150 கட்டில் பில்டிங் இந்தியா கட்டிக் குடுத்தது, 2017 மே மாசம் மோடி வந்து திறந்தாரே, அதுதான். அது வந்த பொறகு நிறைய பேருக்கு கண்டி வரைக்கும் ஓடுற ஓட்டம் குறைஞ்சிருக்கு, அத மறுக்க முடியாது.

அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ். இதுக்கு ஃபுல் மார்க் குடுப்பேன். 2016ல மேல் மாகாணத்துலயும் தென் மாகாணத்துலயும் இந்திய உதவியோட ஆரம்பிச்சு பொறகுதான் நாடு முழுக்க வந்துச்சு, சல்லி எதுவும் வாங்குறதில்ல, நாங்க கோல் எடுத்தப்ப தமிழ்லயே பேசினாங்க. பிரச்சின அவங்ககிட்ட இல்ல, ரோட்டுல. வண்டி ஃபெக்டரி ரோட்டோட நின்னுடும், லயத்துல (நாங்க இருக்கிற லைன் வீட்டு வரிச) இருந்து அது வரைக்கும் அம்மாவ கம்பிளியில வச்சு நாலு பேர் தூக்கிட்டு இறங்கினாங்க, மழ வேற. பக்கவாதத்துல ரத்தக் கட்டிய கரைக்கிற ஊசி போடணும்னா நாலரை மணித்தியாலத்துக்குள்ள போகணும், அதுக்கு முன்னாடி சிடி ஸ்கேன் எடுத்துப் பாக்கணும், ஸ்கேன் எல்லா ஆஸ்பத்திரியிலயும் கிடையாது. இத தோட்டத்துல எத்தன பேருக்குத் தெரியும்? வாய் கோணிருச்சுன்னா முதல்ல திருநீறு போட்டு காலையில பாப்போம்னு சொல்ற வீடு இன்னமும் இருக்கு.

சரி, வைத்தியம் முடிஞ்சுது, டிஸ்சார்ஜ் பண்ணினாங்க, என்ன வருத்தம், என்ன வைத்தியம்னு எழுதுற டயக்னோசிஸ் கார்ட கையில குடுத்தாங்க, இங்கிலீஷ்ல டொக்டர் கையெழுத்துல. கூடவே ரெண்டு துண்டு, ஒண்ணு பக்கத்து ஆஸ்பத்திரியில ஃபிசியோதெரபிக்கு, இன்னொண்ணு அங்கவீனர் கொடுப்பனவு விஷயமா சமூக சேவை உத்தியோகத்தரப் பாக்கச் சொல்லி. பேப்பர்ல பாத்தா அருமையான சிஸ்டம்.

ஃபிசியோ துண்டு எடுத்துக்கிட்டு ஓட்டோ பிடிச்சுப் போனா, அந்தக் கிளினிக் நாள மாத்திட்டாங்களாம், எழுதிக் குடுத்த ஆஸ்பத்திரிக்கு அது தெரியாது. சமூக சேவைப் பக்கம் போனா, ஃபோர்ம்ல டொக்டர் சர்ட்டிஃபை பண்ணணும், பாத்த டொக்டர்கிட்டயே வாங்கிட்டு வாங்கன்னு சொல்றாங்க. பாத்த டொக்டர் கண்டி மாவட்டத்துல, கேக்கிற ஒஃபிஸ் நுவரெலியா மாவட்டத்துல. திரும்ப பஸ் ஏறிப் போய் நின்னா, அந்த டொக்டர் டிரான்ஸ்ஃபர்ல போயிட்டாரு. ஒவ்வொரு தடவயும் வீட்டுல யாராச்சும் ஒருத்தருக்கு அன்னிக்குப் பேர் (வேல நாள் கணக்கு) போயிடும், பேர் போனா சம்பளத்துல என்ன விழும்னு தோட்டத்துல இருக்கிறவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. இவ்வளவு அலைஞ்சு எதுக்குன்னு கேப்பீங்க. அங்கவீனருக்கான மாசக் கொடுப்பனவு 2025 பட்ஜெட்ல 7,500 ரூபாவுல இருந்து 10,000 ஆச்சு, எங்கள மாதிரி வீட்டுக்கு அது சும்மா விடுற காசு இல்ல.

யாரு மேலயும் கோபம் இல்லங்க. வேல செய்யிற நர்ஸ்மாரு, கிளார்க்மாரு எல்லாம் மூச்சு விட நேரமில்லாம இருக்காங்க. இது ஏன் இப்படின்னு யோசிச்சுப் பாத்தா, துண்டு ஒண்ணுதான், ஆனா அது கடக்கிற வாசல் எல்லாத்துக்கும் வேற வேற சொந்தக்காரன். தோட்டத்து டிஸ்பென்சரி 1992ல தோட்டங்கள எடுத்த கம்பெனிங்க கையில, பிரதேச ஆஸ்பத்திரி மாகாண சபைக்குக் கீழ, கண்டி தேசிய வைத்தியசாலை கொழும்பு சுகாதார அமைச்சுக்குக் கீழ, கிராம சேவகரும் சமூக சேவைக்காரங்களும் பிரதேச செயலகத்துல. பாதி வழியில இறக்கி விட்டுட்டு அடுத்த பஸ் பின்னால வருதுன்னு சொல்ற கண்டக்டர் மாதிரிதான் ஒவ்வொருத்தரும், அவங்கவங்க ரூட்டுக்கு மட்டும்தான் அவங்க பொறுப்பு. நோயாளி போய்ச் சேந்தாரான்னு அனுப்பினவருக்குத் தெரியாது, ஏன் வரலன்னு வாங்க வேண்டியவருக்கும் தெரியாது.

கடிதம் இன்னொரு தலவலி. லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது, எல்லாம் தோட்டத்து ஒஃபிசுக்கு வந்து அங்க இருந்து யாரோ ஒருத்தர் கொண்டு வந்து தரணும், கிளினிக் தேதி முடிஞ்ச பொறகு கடிதம் கைக்கு வந்த வீடுங்க எங்க தோட்டத்து டிவிசன்லயே இருக்கு.

இதுல எனக்கு வயித்தெரிச்சல் எதுலன்னா, இதே மலையில, இதே ரோட்டுல இன்னொரு ரெஃபரல் ஒழுங்கா நடக்குது. என் தங்கச்சிக்குப் பிள்ள கிடைச்சப்ப நாங்க ஒண்ணுமே அலையல. ஆஸ்பத்திரியில இருந்து எம்ஓஎச் (பகுதி சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிசுக்குத் தகவல் போயிருக்கு, அங்க இருந்து மிட்வைஃப் மிஸ்ஸுக்குப் போயிருக்கு, அவங்க முதல் பத்து நாளுக்குள்ள ரெண்டு தடவ லயத்துக் காம்பராவுக்கே வந்து தங்கச்சியையும் பிள்ளயையும் பாத்து, கார்ட்ல எழுதி, அடுத்த கிளினிக் நாளையும் சொல்லிட்டுப் போனாங்க. 1926ல களுத்துறையில முதல் சுகாதாரப் பிரிவு ஆரம்பிச்சதுல இருந்து வளந்து வந்த அமைப்பு அது. அதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. டிஸ்சார்ஜ் ஆனா தகவல் நோயாளி கையில மட்டும் போகாம ஒரு உத்தியோகத்தருக்கும் போகுது, அவருக்குன்னு ஏரியா இருக்கு, வரலன்னா அவரு தேடி வருவாரு. பக்கவாதம், கால் எடுத்த சீனி வருத்தக்காரங்க, மனநல மருந்து எடுக்கிறவங்க, இவங்களுக்கு ஏன் அந்த ஒரு ஆள் இல்ல?

மிட்வைஃப் மிஸ்மாரு தலையிலயே இதையும் கட்டுங்கன்னு சொல்ல வரல, அவங்களுக்கு ஏற்கனவே ஏரியா பெருசு.

வெளிநாட்டுல எப்படின்னு தேடிப் பாத்தேன். அமெரிக்காவுல 211ன்னு ஒரு நம்பர், 1997ல அட்லாண்டாவுல யுனைடெட் வேங்கிற அமைப்பு ஆரம்பிச்சது, சாப்பாடு, வாடக, பராமரிப்பு எதுவானாலும் அந்த ஒரு நம்பர். வட கரோலினா மாநிலம் அதுக்கும் ஒரு படி மேல போய் 2019ல என்சிகேர்360ன்னு மாநிலம் முழுக்க ஒரே வலையமைப்பு தொடங்குனாங்க, அடுத்த வருஷமே 100 கவுண்டியிலயும் (நம்ம மாவட்டம் மாதிரி) வந்துருச்சு. அதுல எனக்குப் பிடிச்சது டெக்னாலஜி இல்ல. டொக்டர் அனுப்பினா, அந்தப் பக்கம் ஏத்துக்கிட்டாங்களா, உதவி கிடைச்சுதா, கேஸ் முடிஞ்சுதான்னு அனுப்பின ஆளுக்கே திரும்பத் தெரியும். அங்க காசு இருக்கு, நம்மகிட்ட இல்லன்னு சொல்லுவீங்க. அனுப்பின இடத்துக்கு ஒரு பதில் துண்டு போறதுக்கு எவ்வளவு காசு வேணும்?

நம்மகிட்டயும் நம்பர் நிறைய இருக்கு. சிறுவர் விஷயத்துக்கு 1929, பெண்களுக்கு 1938, மன அழுத்தம்னா 1926, அரசாங்கத் தகவல்னா 1919. தனித்தனியா ஒவ்வொண்ணும் தேவையானதுதான். ஆனா அம்மாவுக்கு ஃபிசியோவும் வேணும், கொடுப்பனவும் வேணும், வீல் செயாரும் வேணும், பாத்துக்கிற அக்காவுக்கு மனசும் நொந்து போயிருக்கு, இதுக்கு எந்த நம்பர்? பெரிய ஆஸ்பத்திரிகள்ல நட்பு நிலையம்னு ஒண்ணு வச்சிருக்காங்க, வீட்டு வன்முறைக்கு ஆளான பொம்பளைங்களுக்கு. ட்ரெயினிங் எடுத்த நர்ஸ் ஒருத்தங்க உக்காந்து கேட்டு, பொலிஸ், சட்ட உதவி, கவுன்சலிங் எதுவோ அதுக்கு இணைச்சு விடுறாங்க. அதே மாதிரி நீண்டகால நோயாளிங்களுக்கும் வோட்டு (நோயாளிங்க படுத்திருக்கிற வார்ட்) பக்கத்துல ஒரு மேச, தமிழ் பேசுற ஒரு ஆள் வேணும். டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே ஃபோர்ம நிரப்பி, டொக்டர் இருக்கிறப்பவே கையெழுத்து வாங்கி, எந்தப் பிரதேச செயலகமோ அதுக்கு ஒரு கோல் எடுத்துட்டா எங்க அலைச்சல்ல பெரும்பகுதி இருந்திருக்காது.

நல்லதையும் சொல்லணும். முன்னாடி எல்லாத்துக்கும் கினிகத்தேனைக்குப் போகணும், ரெண்டு பஸ் மாறி. நோர்வூட் தனிப் பிரதேச செயலகமா பிரிஞ்ச பொறகு அந்தத் தூரம் மிச்சம். கிளினிக்லயும் இப்ப அடுத்த தேதிய ஃபோன் பண்ணிச் சொல்ற மிஸ் ஒருத்தங்க இருக்காங்க, அவங்க புண்ணியத்துல அம்மா கைத்தடியோட வாசல் வரைக்கும் நடக்கிறாங்க.

புதுசா இதுல மாட்டுறவங்களுக்கு: வோட்ட விட்டு வாறதுக்கு முன்னாடி டயக்னோசிஸ் கார்ட ஃபோட்டோ எடுத்து வீட்டு வட்ஸ்அப்ல போட்டுருங்க. துண்டு எழுதுறவங்ககிட்ட, போற இடத்தோட நம்பரையும் கிளினிக் நாளையும் அதுலயே எழுதித் தரச் சொல்லுங்க, ஏசினா ஏசட்டும். கொடுப்பனவு ஃபோர்ம கிராம சேவகர்கிட்ட முன்கூட்டியே வாங்கிக்கிட்டுப் போங்க. விலாசத்துக்குக் கீழ ஃபோன் நம்பர பெருசா எழுதுங்க.

எங்க டிவிசன் பொடியனுங்க யாருக்கு எங்க போகணும்னு ஒரு ஷீட் அடிச்சு பிள்ள மடுவத்துலயும் (பிள்ளைங்கள பாத்துக்கிற இடம்) கோயில்லயும் ஒட்டியிருக்கானுங்க. நல்ல வேலதான், ஆனா வருஷா வருஷம் டிரான்ஸ்ஃபர்ல ஒஃபிசர்மாரு மாறிப் போறாங்க, போன வருஷத்து நம்பர்ல பாதிக்கு இப்ப வேற யாரோ பேசுறாங்க. டிக்கோயா, மஸ்கெலியா பக்கம் இது மாதிரி லிஸ்ட் வச்சிருக்கிறவங்க யாராச்சும் இருந்தா அத யாரு அப்டேட் பண்றாங்க, எப்படிப் பண்றாங்கன்னு சொல்லுங்க, நாங்களும் அப்படியே செஞ்சுக்குறோம்.