நெக் ரீசெட் என்று காசு வாங்கி, பிரிட்ஜைச் சீவிக் கொடுத்தார்கள்

பழைய கித்தார் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக சுங்கை சிப்புட், கோலகங்சார், ஈப்போ பக்கம் இருப்பவர்கள் படித்துவிடுங்கள். "நெக் ரீசெட்", அதாவது கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்தி மாட்டும் வேலை, செய்து தருகிறோம் என்று சொன்ன ஒரு கடைக்கு 750 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்தேன். திரும்பி வந்த கித்தாரில் ரீசெட்டே நடக்கவில்லை. போதாக்குறைக்கு, கம்பியை முறுக்கும் அசல் ட்யூனர் சாவிகளையும் காணோம்.

கடையின் பெயரைப் போட மாட்டேன். விவகாரம் தீர்ப்பாயத்தில் இருக்கிறது. பெயரைப் போட்டு, அதற்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் வாங்கும் ஆசை எனக்கு இல்லை.

கித்தார் யமஹா எஃப்ஜி 180, சிவப்பு லேபிள். பெரியப்பாவுடையது. எங்கள் தோட்டம் ரப்பராக இருந்த காலத்தில் அங்கே ஓர் இசைக்குழு இருந்தது. மாரியம்மன் திருவிழா, கல்யாணம், பிரிவு உபசாரம் எல்லாவற்றிலும் பெரியப்பா இதைத்தான் வாசித்தார். யமஹா இந்த எஃப்ஜி வரிசையை 1966இல் ஜப்பானில் தொடங்கியது. உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் அந்தக் காலத்து நிறுவனப் பெயரான 'நிப்பான் காக்கி'யைப் பார்க்கலாம். மேல்பலகைகூட ஒட்டுப்பலகைதான், முழு மரம் இல்லை. அதனால் சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கித்தாருக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் நல்லது என்று கம்பெனிக்காரர்கள் சொல்கிறார்கள். நம் ஊரில் சாதாரண நாளிலேயே 80ஐத் தாண்டுகிறது. இந்தப் புழுக்கத்தில் முழு மரக் கித்தார்கள் வயிறு உப்பிக் கிடக்க, பெரியப்பாவின் ஒட்டுப்பலகை நேராகத்தான் நின்றது.

என் சுவரில் வேறு சிலவும் தொங்குகின்றன. பள்ளிக் காலத்தில் வாங்கிய சீனத்து கப்போக், ஒரு தக்காமினே, டெய்லர் ஜிஎஸ் மினி, மெக்சிகோவில் செய்த மார்ட்டின் எக்ஸ் வரிசை ஒன்று. அந்த மார்ட்டினின் முதுகும் பக்கமும் மரமே இல்லை, அழுத்திச் செய்த தகடு. நம் காற்றுக்கு அதைவிடக் கவலையில்லாத கித்தார் கிடையாது. சத்தம் டெய்லரில் கணீரென்று முன்னால் வரும், தக்காமினேயில் கொஞ்சம் உள்ளடங்கி வரும். ஒவ்வொரு பிராண்டுக்கும் ஒரு குரல். ஆனால் சேகரித்ததில் விலைபோகாதது பெரியப்பாவின் யமஹா. அதாவது நான் விற்க மாட்டேன்.

அதன் பிரச்சினை வயசு. ஆறு எஃகுக் கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுவையை ஐம்பது வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தால் கழுத்தின் கோணம் மெல்ல முன்னால் சாயும். கம்பி மேலே ஏறும். 12ஆவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே தடித்த கம்பிப் பக்கம் இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் வாசிக்க சுகம். இதில் ஐந்து ஆகியிருந்தது. ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தும் பார் கார்டு பிடித்தால் விரல் வெந்துவிடும். இதற்கு முறையான வைத்தியம் ஒன்றுதான்: கழுத்தை உடலிலிருந்து கழற்றி, அடிப்பகுதியைச் சீவி, சரியான கோணத்தில் மீண்டும் பொருத்துவது. அதுதான் நெக் ரீசெட். லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரு ஃபிரெட்டைப் பிடுங்கி, அந்தக் காடியில் சிறு துளை போட்டு, உள்ளே நீராவி செலுத்திப் பழைய பசையை இளக்க வேண்டும்.

கடைக்காரத் தம்பி இதையெல்லாம் அழகாக விளக்கினார். முன்பணம் 300 வாங்கிக்கொண்டார். ரசீதில் அவர் கையாலேயே 'நெக் ரீசெட்' என்று எழுதினார். பிற்பாடு எனக்குக் கைகொடுத்தது அந்த இரண்டு சொற்கள்தான்.

திரும்ப வாங்கப் போனபோது, "அண்ணே, நெக்கைக் கழற்றி மாட்டியாச்சு, வாசிச்சுப் பாருங்க, வெண்ணெய் மாதிரி போகும்" என்றார். உண்மைதான், விரலுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் சத்தம் செத்துப் போயிருந்தது. ஜி கார்டு அடித்தால் எழுந்து நிற்க வேண்டிய கித்தார் முனகியது. புதுக் கம்பி பழக வேண்டும், ஒரு வாரம் விடுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் பழைய வார்னிஷ் கோடு அப்படியே இருக்கிறது, அதில் படிந்த அழுக்குகூடக் கலையவில்லை. கழுத்தைக் கழற்றினால் அந்தக் கோடு வெட்டுப்படாமல் இருக்காது. ஃபிரெட் எதையும் பிடுங்கிய தடமும் இல்லை. அப்புறம் பிரிட்ஜ், அதாவது கம்பிகள் உடலில் பொருந்தும் மரக்கட்டை. கித்தார்களின் அளவையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதி, படமும் எடுத்து வைப்பது வழக்கம். அதில் இந்தப் பிரிட்ஜின் கனம் ஒன்பது மில்லிமீட்டர். இப்போது வெர்னியர் அளவுகோல் வைத்தால் ஐந்தரை. பிரிட்ஜைச் சீவி, அதன்மேல் கம்பி உட்காரும் சேடில் எலும்பையும் தேய்த்து, கம்பியைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். கழுத்து இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நீளமான இரும்பு ஸ்கேலை ஃபிரெட்டுகளின் மேல் படுக்க வைத்து, அதன் முனை பிரிட்ஜின் மேல் விளிம்பை உரசிப் போகிறதா என்று பார்ப்பதுதான் எல்லோரும் சொல்லும் சோதனை. இந்தச் சோதனையில் என் கித்தார் பாஸ்! பிரிட்ஜையே குட்டையாக்கிவிட்டால் ஸ்கேல் உரசத்தானே செய்யும்? ஆகவே ஸ்கேலை மட்டும் நம்பாதீர்கள். கொடுப்பதற்கு முன்னும் வாங்கும்போதும் பிரிட்ஜின் கனத்தை அளந்து பாருங்கள். குட்டை பிரிட்ஜில் கம்பி சேடிலுக்குப் பின்னால் போதுமான சரிவில் இறங்காது, மேல்பலகையை அழுத்தாது. சத்தம் செத்ததற்குக் காரணம் அதுதான். இனி நல்ல ஆள் ஒருவர் உண்மையாகவே ரீசெட் செய்தாலும், புதுப் பிரிட்ஜும் செய்து ஒட்ட வேண்டும். செலவு இரட்டிப்பு.

சாவிகள் விஷயத்தைக் கவனித்தது அதற்கும் பிறகு. பழைய சாவியின் உலோகம் மங்கி இருக்கும். இதில் இருப்பது பளபளவென்ற மலிவுச் சரக்கு. தலைப்பகுதியின் பின்னால் பழைய ஆணித் துளைகளை ஏதோ மெழுகு வைத்து அடைத்திருக்கிறார்கள். பழைய கித்தாரைச் சேகரிப்பவர்கள் அசல் பாகங்களுக்குத் தனியாகக் காசு கொடுப்பார்கள் என்று இவர்களுக்குத் தெரியாதா?

திரும்பப் போய்க் கேட்டேன். முதலில் "இதுவும் ஒரு வகை ரீசெட்தான் அண்ணே" என்றார். படத்தைக் காட்டியதும் சாவி உடைந்திருந்தது, தூக்கிப் போட்டோம் என்றார். ஆறுமா உடையும்? கடைசியில் வந்தது பாருங்கள் ஒரு யோசனை: யமஹாவை அவரிடமே விட்டுவிட்டு, மேற்கொண்டு 2,800 வெள்ளி கொடுத்தால் ஒரு மார்ட்டின் டி-28 தருவாராம்.

எடுத்து வந்து காட்டினார். டி-28 புதிதாக வாங்கினால் பத்தாயிரம் வெள்ளிக்கு மேல். இவர் காட்டியதன் தலையில், கம்பிகள் கழுத்தைத் தாண்டும் நட்டுக்கு மேலே, டிரஸ் ராட் (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள் இரும்புத் தண்டு) மூடி ஒன்று திருகியிருந்தது. மார்ட்டின் கித்தாரில் அந்த ராடை ஒலித்துளை வழியாக உள்ளேதான் திருக வேண்டும், தலையில் மூடி இருக்காது. உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். டி-28இல் மாடல் பெயரும் தொடர் எண்ணும் கழுத்துக் கட்டையில் பதித்திருக்கும். இதில் ஒரு காகித லேபிள் சிரித்துக்கொண்டிருந்தது. மார்ட்டின் தொழிற்சாலை இருப்பது அமெரிக்காவின் நாசரேத் ஊரில். "தம்பி, இது நாசரேத்துக்குப் போகாத மார்ட்டின்" என்று சொல்லிவிட்டு யமஹாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில், அதாவது திரிபுனல் துந்துத்தான் பெங்குனாவில், மனு போட்டேன். கட்டணம் ஐந்து வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கோரலாம், சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீல் தேவையில்லை. பொருள் மட்டுமில்லை, பழுதுபார்ப்பு மாதிரியான சேவையும் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. ஆனால் ஒன்று, எதிராளி வியாபாரியாக இருக்க வேண்டும். இணையத்தில் ஒரு தனி ஆள் தன் பழைய கித்தாரை விற்று ஏமாற்றினால் இந்தக் கதவு திறக்காது. நான் ரசீது, முன்பு எடுத்த படங்கள், வெர்னியர் வைத்து எடுத்த படங்கள், புலனத்தில் (வாட்ஸ்அப்) கடைக்காரர் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன்.

நீங்கள் யாரிடமாவது ரீசெட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால், வேலை நடக்கும்போது கழுத்து தனியாகக் கழன்று கிடக்கும் படம் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். உண்மையாகச் செய்கிறவர் பெருமையாக அனுப்புவார். மாற்றிய பழைய பாகம் எதுவானாலும் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

பேராக்கில் யாராவது பழைய யமஹா ட்யூனர் சாவி ஒரு செட் விற்பதைப் பார்த்தால் எனக்கு ஒரு செய்தி போடுங்கள். அதில் ஒன்றின் பிடி ஓரத்தில் சிறு உடைசல் இருக்கும், தண்டில் சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளி வைத்திருக்கும். பெரியப்பா இருட்டு மேடையில் ஜி கம்பியைக் கண்டுபிடிக்க வைத்த அடையாளம் அது. விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன், யாரிடமிருந்து வந்தது என்று மட்டும் சொன்னால் போதும்.