முகத்துக்கு லேசர்: வலியை எப்படிச் சமாளிக்கிறேன்

மூன்று வருடத்துக்கு மேலாக முகத்தில் முடியைக் குறைக்க லேசர் செய்துவருகிறேன். தாடை, மேல் உதடு, கிருதா ஓரம், தாடைக்குக் கீழே கழுத்தின் மேல்பகுதி. பிசிஓடி என்கிற ஹார்மோன் கோளாறு இருக்கிறது, அதனால் இது ஒரு தடவை செய்துவிட்டு மறந்துவிடுகிற விஷயமாக எனக்கு அமையவில்லை. ஆரம்பத்தில் விசாரித்தபோது கிளினிக்காரர்கள் "வலியே இருக்காது மேடம், சும்மா சுள்ளுன்னு இருக்கும்" என்றார்கள், ஏற்கெனவே செய்துகொண்ட தோழி ஒருத்தி "அழுதுட்டேன்டி" என்றாள். உண்மையில் வலிக்கும், மேல் உதட்டில் நன்றாகவே வலிக்கும். ஆனால் எந்த இடத்தில், எந்த நாளில், எதனால் அதிகம் வலிக்கிறது என்று பிடிபட்டுவிட்டால் அதைப் பெருமளவு குறைத்துக்கொள்ளலாம். வலிக்குப் பயந்தே தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிற பெண்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள், அவர்களுக்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் ஏன் வலிக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. லேசர் ஒளியை முடியில் இருக்கிற கறுப்பு நிறமியான மெலனின் உறிஞ்சி, அந்தச் சூடு வேர் வரை இறங்கி, முடி வளர்கிற இடத்தைப் பொசுக்குகிறது. குறிப்பிட்ட நிறமியை மட்டும் குறிவைத்துச் சூடாக்க முடியும் என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஆண்டர்சனும் பாரிஷும் 1983இல் எழுதிய கட்டுரைதான் இதற்கெல்லாம் அடிப்படை. அதனால் முடி எவ்வளவு கறுப்பாகவும் தடிப்பாகவும் நெருக்கமாகவும் இருக்கிறதோ அவ்வளவு சூடு, அவ்வளவு வலி. ஹார்மோனால் வந்த தாடை முடி அப்படிப்பட்டதுதான். நம் தோலிலும் மெலனின் நிறைய இருப்பது இன்னொரு சிக்கல், தோலே கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொள்ளும். அலெக்ஸாண்ட்ரைட் என்கிற 755 நானோமீட்டர் லேசர் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அவ்வளவு பாதுகாப்பானது இல்லை. டயோட் 810 பக்கம், என்டி-யாக் 1064. அலைநீளம் கூடக் கூடத் தோலின் மெலனினில் மாட்டாமல் ஆழமாகப் போகும், நம் நிறத்துக்கு அதிகப் பாதுகாப்பானது என்டி-யாக்தான். எனக்கு முதலில் டயோட், பிறகு என்டி-யாக் என்று இரண்டும் செய்திருக்கிறார்கள். வலியில் என்டி-யாக் ஒரு படி மேல், அதை மறைக்க விரும்பவில்லை. தோல் கருக்காமல் இருந்ததும் அதில்தான், அதனால் அதிலேயே தொடர்கிறேன்.

எல்லா இடமும் ஒரே மாதிரி வலிக்காது. எல்லாரும் சொல்கிற அந்த 'ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்டது போல' என்பது கன்னத்து ஓரத்துக்கும் கழுத்துக்கும் சரியாகப் பொருந்தும். தாடை நுனியில் எலும்பு பக்கத்திலேயே இருப்பதாலும் முடி அங்கேதான் அடர்த்தி என்பதாலும் ஆழமாகக் குத்தும். மேல் உதடு தனி ரகம். மூக்குக்குக் கீழே நடுப்பகுதியில் ஷாட் விழும்போது கண்ணில் தண்ணீர் தானாக வந்துவிடும், எனக்குத் தும்மலும் வரும். அது அழுகை இல்லை, அந்த இடத்து நரம்பைத் தூண்டினால் அப்படித்தான் ஆகும், வெட்கப்பட ஒன்றுமே இல்லை. சிஸ்டரிடம் முன்கூட்டியே "தும்மல் வரும், கை காட்டுனா நிறுத்துங்க" என்று சொல்லிவிடுவேன்.

மேல் உதட்டில் பல்லும் ஈறும் கூசுவதும் சேர்ந்துகொள்ளும். இதற்கு ஒரு எளிய வழியை இப்போது போகிற கிளினிக்கில் சிஸ்டர் காட்டினார். வெள்ளைக் காஸ் துணியை ஈரமாக்கி மடித்து உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில் வைத்துவிடுகிறார். பல் கூச்சம் அப்படியே அடங்கிவிட்டது. துணி வெள்ளையாக இருக்க வேண்டும், கறுப்போ கலரோ கூடாது, சூட்டை இழுக்கும். துணி இல்லாத இடத்தில் நாக்கை மேல் உதட்டுக்குப் பின்னால் வைத்து அழுத்திக்கொண்டாலும் ஓரளவு உதவுகிறது.

வலி குறைவதில் பாதி வேலை வீட்டிலேயே முடிந்துவிடுகிறது, அதிலும் முக்கியமானது சிட்டிங்குக்கு முந்தின நாள் ஷேவ் செய்வது. முகத்தில் பிளேடா என்று அம்மா, அத்தை எல்லாரும் பதறுவார்கள், ஷேவ் செய்தால் முடி தடிப்பாக வளரும் என்பார்கள். ஷேவிங் தோலுக்கு மேலே இருப்பதைத்தான் வெட்டுகிறது, வேரை அது தொடுவதே இல்லை, வெட்டின முனை மொட்டையாக இருப்பதால் தொடும்போது முரடாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஷேவ் செய்யாமல் போனால் மேலே நீட்டிக்கொண்டிருக்கிற முடி தோலின் மேலேயே எரியும், பொசுங்கிய நாற்றம் வரும், அந்தச் சூடு வேருக்குப் போகாமல் தோலைச் சுடும். அதே மாதிரி, சிட்டிங்குக்கு முந்தைய நாலு வாரம் த்ரெட்டிங், வேக்ஸிங், பிளக்கர் எதுவும் கூடாது. வேர் உள்ளே இருந்தால்தான் லேசருக்கு வேலை. வேரைப் பிடுங்கிவிட்டுப் போய்ப் படுத்தால் பணம் மட்டும்தான் போகும்.

நாள் பார்ப்பதும் முக்கியம். மாதவிலக்குக்கு முந்தைய இரண்டு மூன்று நாளிலும் அந்த நாட்களிலும் எனக்கு வலி தாங்கும் சக்தி வெகுவாகக் குறைகிறது, அதே மிஷின், அதே அளவு, வலி மட்டும் வேறு. பிசிஓடி உள்ளவர்களுக்குத் தேதி எப்போது வரும் என்றே தெரியாது, ஆனாலும் அறிகுறி தெரிந்தால் போன் செய்து தள்ளிவைத்துக்கொள்வது நல்லது. முந்தின இரவு சரியாகத் தூங்காமல் போனாலும், காலையில் இரண்டு காபி குடித்துவிட்டு வெறும் வயிற்றோடு போனாலும் எனக்குக் கூடுதலாக வலிக்கிறது. இப்போதெல்லாம் சாப்பிட்டுவிட்டு, டாக்டர் சொன்னபடி ஒரு மணி நேரம் முன்னால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு போகிறேன்.

சரி, மரத்துப்போகும் களிம்பு. லிடோகெயின் 2.5%, பிரிலோகெயின் 2.5% சேர்ந்த க்ரீம்தான் பெரும்பாலும் போடுகிறார்கள். ஒரு மணி நேரம் ஊற வைக்கச் சொல்வார்கள், முகத்தில் தோல் மெல்லியது என்பதால் அதற்கு முன்பே பிடித்துக்கொள்ளும். அரைகுறையாகப் பத்து நிமிடத்தில் துடைத்துவிட்டு "க்ரீம் வேலையே செய்யல" என்று சொல்கிறவர்கள் நிறைய. அதே சமயம், நிறையப் பூசினால் நிறைய மரக்கும் என்று நினைத்து முகம் கழுத்து எல்லாம் அப்பிக்கொள்வது ஆபத்து. தோல் வழியாக மருந்து ரத்தத்தில் கலக்கும். லேசருக்கு முன்னால் கால் முழுக்க இந்த மாதிரி, இன்னும் வீரியமான களிம்பைப் பூசி மேலே பிளாஸ்டிக் சுற்றிக்கொண்ட இரண்டு இளம்பெண்கள் இறந்துபோனதை வைத்து 2007இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ எச்சரிக்கையே விட்டது. டாக்டர் சொன்ன அளவு, சொன்ன இடம், அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஷாட் கொடுக்கும் முன் அதைச் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட வேண்டும், பிசுக்கு மிச்சம் இருந்தாலும் தோல் பொசுங்கலாம்.

நான் க்ரீம் போடுவது மேல் உதட்டுக்கு மட்டும். தாடைக்கு வேண்டுமென்றே போடுவதில்லை, இதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும். நம் நிறத்துத் தோலில் சூடு அளவு மீறிப்போனால் முதலில் தெரிந்துகொள்வது நாம்தான், மிஷின் இல்லை. வலிதான் அந்தத் தகவல். மொத்த முகமும் மரத்துக் கிடந்தால் "சூடு தாங்குதா அக்கா?" என்று சிஸ்டர் கேட்கும்போது நாம் என்ன பதில் சொல்வோம்? வலியைக் குறைக்கலாம், குறைக்கத்தான் வேண்டும், ஆனால் ஒன்றுமே தெரியாத அளவுக்கு அழித்துவிடக் கூடாது.

முன்பு போன ஓர் இடத்தில், பெயர் வேண்டாம், லேசரின் சக்தியைக் குறிக்கிற ஜூல் அளவை ஏற்றிக்கொண்டே போனார்கள். எரிகிறது என்று சொன்னேன், "தாங்கிக்குங்க, அப்பதான் ரிசல்ட் வரும்" என்றார் அங்கே லேசர் செய்த பெண். இடது தாடையில், தோலில் வைக்கிற கைக்கருவியான ஹேண்ட்பீஸின் சதுர முனை அளவுக்கே பழுப்புக் கட்டங்கள் வந்து, மங்குவதற்கு மாதக்கணக்கில் ஆனது. எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. தாங்கிக்கொள்ளச் சொல்வதற்கு அவருக்கு எந்த உரிமையும் இல்லை. அதிகம் வலித்தால் அதிகப் பலன் என்று ஒரு கணக்கும் கிடையாது. அதன் பிறகு ஒரு தோல் டாக்டரே பக்கத்தில் இருந்து அளவை வைக்கிற கிளினிக்குக்கு மாறினேன். முதலில் காதுக்குக் கீழே ஓரிரண்டு ஷாட் மட்டும் கொடுத்துப் பார்த்து, சில நாள் கழித்துத் தோலைப் பார்த்துவிட்டுத்தான் முழுதாக ஆரம்பித்தார்கள்.

இப்போது எனக்கு வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. சரியான வலி சுருக்கென்று வந்து, அடுத்த ஷாட்டுக்குள் அடங்கிவிடும். தப்பான வலி அடங்காது, அந்த இடத்திலேயே தங்கி, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும், அனல் போகவே போகாது. அது வந்தால் உடனே கையைத் தூக்குங்கள், பத்து தடவை நிறுத்தினாலும் பரவாயில்லை. தோல் வெளுத்தோ சாம்பல் பூத்தோ தெரிந்தாலும், கொப்புளம் எழும்பினாலும் அன்றைக்கு அதோடு போதும்.

படுத்திருக்கும்போது எனக்குப் பலன் தருவதைச் சொல்கிறேன். ஹேண்ட்பீஸின் முனை சில்லென்று இருக்கிறதா என்று முதலில் கையில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். கூடவே குளிர்காற்று ஊதுகிற குழாய் இருந்தால் இன்னும் நல்லது. சிஸ்டர் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் "ம்" என்று ஒரு குரல் கொடுப்பார், அந்த நேரத்தில் மூச்சை வெளியே விடுவேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாகக் கிடந்தால் ஒவ்வொன்றும் இரட்டிப்பாகத் தெரிகிறது. பக்கத்திலேயே கன்னத்தை விரலால் தட்டிக்கொண்டோ அழுத்தித் தேய்த்துக்கொண்டோ இருந்தால் வலி மங்குகிறது. தொடுகிற உணர்வு முதுகுத்தண்டில் வலிக்கான வழியை ஓரளவு அடைக்கிறது என்று வலி ஆராய்ச்சியாளர்கள் மெல்சாக்கும் வாலும் 1965இலேயே ஒரு கோட்பாடு சொல்லியிருக்கிறார்கள், அடிபட்ட இடத்தை நாம் தானாகத் தேய்த்துக்கொள்வதும் அதனால்தான். அப்புறம், மேல் உதட்டைக் கடைசிக்கு வைக்காதீர்கள். நான் முதலிலேயே முடித்துவிடச் சொல்கிறேன். தாடையில் களைத்துப்போன பிறகு அதைத் தாங்குவது கஷ்டம், க்ரீமின் மரப்பும் அதற்குள் குறைந்துவிடும்.

முடிந்த பிறகு ஒவ்வொரு முடிக்காலும் தனித்தனியாகப் புடைத்துச் சிவந்திருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சில மணி நேரத்தில், மிஞ்சிப்போனால் மறுநாளில் அடங்கிவிடும். ஐஸைத் துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும், நேராக வைத்தால் அதுவும் தோலைப் புண்ணாக்கும். வீடு திரும்பும்போது யாரும் சொல்லாத ஒரு தொல்லை உண்டு, ஹெல்மெட் பட்டை. தாடைக்குக் கீழே லேசர் செய்த இடத்திலேயே உரசி உரசி எரியும். அன்றைக்கு ஆட்டோவிலோ பஸ்ஸிலோ போய்வந்துவிடுங்கள். அன்று மாலை அடுப்பு முன்னால் நிற்பதும் அப்படித்தான், தோசைக்கல் அனல் பட்டால் மறுபடி எரிச்சல் கிளம்பும், வீட்டில் வேறு யாராவது சமைக்கட்டும். ஓரிரு நாளைக்கு ஆவி பிடிப்பது, உடற்பயிற்சி, மஞ்சள், வாசனை க்ரீம் எதுவும் வேண்டாம். சன்ஸ்கிரீன் கட்டாயம். ஒன்றிரண்டு வாரத்தில் கறுப்புப் புள்ளிகளாக முடி வெளியே தள்ளிவரும், அது புது முடி இல்லை, செத்த முடி உதிர்கிறது, பிடுங்காமல் விட்டுவிடுங்கள்.

நீண்ட காலத்தில் வலி எப்படி மாறுகிறது என்றால், முதல் சில சிட்டிங்தான் கடுமை. முடி மெலிய மெலியத் தானாகக் குறைகிறது. நடுவில் அளவைக் கூட்டும்போது ஒரு தடவை மறுபடி எட்டிப்பார்க்கும். ஆரம்பத்தில் நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை, ஏனென்றால் வளர்கிற பருவத்தில் இருக்கும் முடியைத்தான் லேசர் பிடிக்கும், எல்லா முடியும் ஒரே நேரத்தில் அந்தப் பருவத்தில் இருக்காது. இப்போது எனக்குச் சில மாதங்களுக்கு ஒரு முறை போதும். தாடையில் எப்போதாவது சில முடி, அவ்வளவுதான். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று பிளக்கரால் பிடுங்கி, ரத்தம் கட்டி, உள்ளுக்குள் முடி வளர்ந்து சீழ் வைத்த அந்த நாட்களின் வலியை மொத்தமாகக் கூட்டினால் இது ஒன்றுமே இல்லை. நான் மறுபடி செய்வேனா என்று கேட்டால், சந்தேகமில்லாமல் செய்வேன்.

ஆனால் நிரந்தரமாக ஒரு முடி கூட வராது என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள், குறைப்புதான் இது. பிசிஓடி இருந்தால் ஹார்மோன் பரிசோதனையும் மருந்தும் கூடவே போக வேண்டும், இல்லையென்றால் புது முடி வந்துகொண்டே இருக்கும். கிருதா ஓரத்துப் பூனைமுடிக்கு லேசர் வேண்டாம் என்று என் டாக்டர் மறுத்துவிட்டார். மெல்லிய முடியில் லேசர் பட்டு அது தூண்டப்பட்டுத் தடித்து வளர்வது சிலருக்கு நடக்கிறது, முகத்திலும் கழுத்திலும், அதிலும் ஹார்மோன் பிரச்சினை உள்ள நம் நிறத்துப் பெண்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். அதனால் கிருதாவில் தடித்த முடி இருக்கிற இடத்தில் மட்டும் செய்துகொண்டு மற்றதை விட்டுவிட்டேன்.

தாடையில் இப்போது ஓரிரண்டு நரை வருகிறது. நரைத்த முடியில் நிறமி இல்லாததால் லேசர் பிடிக்காது, அதற்கு எலக்ட்ரோலிசிஸ் தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு முடிக்காலாக ஊசி நுழைத்துக் கரண்ட் விடுகிறார்கள். வலி லேசரை விட மெதுவானது, ஆனால் ஒவ்வொன்றிலும் சில நொடி நின்று எரிகிறது. எண்ணிக்கை குறைவு என்பதால் க்ரீம் இல்லாமலே தாங்க முடிகிறது.