டைனோ சீட்டை நம்பி 38,500 ரூபாயைத் தொலைத்தேன்

இன்னும் கோபம் அடங்கவில்லை. அடங்கிய பிறகு எழுதினால் மரியாதையாக எழுதித் தொலைப்பேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். 38,500 ரூபாய் கொடுத்தேன். கிடைத்தது இரண்டே இரண்டு ஹார்ஸ்பவர். அதுவும் அன்றைக்குப் பெய்த மழையில் காற்று குளிர்ந்திருந்ததால் வந்ததாக இருக்கலாம்.

கடையின் பெயரோ ஊரோ சொல்லப் போவதில்லை. காருக்கு ஈசியு ரீமேப் செய்து தருகிற கடை, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிப் பவர் ஏற்றுகிறவர்கள். காரை ரோலர் மேல் ஓடவிட்டுப் பவரை அளந்து சீட்டு அச்சடித்துத் தரும் டைனோ மெஷினும் சொந்தமாக வைத்திருக்கிறார்கள்.

என்னுடையது போலோ 1.0 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல். கம்பெனிக் கணக்கு 110 பிஎஸ், கொஞ்சம் பெரிய அலகான பிஹெச்பியில் 108 சொச்சம். அது இன்ஜின் கிராங்க்கில், அதாவது இன்ஜினின் சுழல் தண்டிலேயே அளந்தது. கிளட்ச், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டிரைவ் ஷாஃப்ட், டயர் என்று ஒவ்வொன்றும் தன் பங்கைத் தின்றதுபோக சக்கரத்தில் மிஞ்சுவதுதான் வீல் ஹார்ஸ்பவர். டைனோவின் ரோலர் அளப்பது இந்த மிச்சத்தைத்தான். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் ஏமாந்தேன், அதுதான் எரிச்சல்.

கடைப் பையனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. சுவரில் செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் எடுத்த படங்கள். நான் விலையைக் கேட்கும் முன்பே அவன் சொன்னான்: "முதல்ல உங்க வண்டி இப்ப எவ்வளவு தருதுன்னு பாத்துக்கலாம்ங்ணா. அப்பத்தான் நாளைக்கு நீங்க என்னைக் கேள்வி கேக்க முடியும்." இந்த ஒரு பேச்சில்தான் விழுந்தேன். ஏமாற்றுகிறவன் இப்படியா பேசுவான்?

காரை ரோலர் மேல் ஏற்றி, ஸ்ட்ராப் போட்டு, முன்னால் ஃபேன் வைத்து, நாலாவது கியரில் முழு ஆக்சிலரேட்டர். சீட்டில் வந்தது 91. "16 சதவீதம் லாஸ். முன் சக்கர வண்டிக்கு இது நார்மல்ங்ணா" என்றான். உண்மைதான். அதுவரை அவன் சொன்னது எல்லாமே உண்மை.

அப்புறம் லேப்டாப்பைச் செருகினான். இரண்டு மணி நேரம், இரண்டு டீ. மறுபடி ரன். இந்த முறை சீட்டில் 129. "38 ஏறிருச்சுங்ணா!" நான் கைகூடக் குலுக்கினேன். அந்த இடத்திலேயே ஜிபே, 38,500. சீட்டைப் படம் எடுத்து நண்பர்கள் குரூப்பில் வேறு போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

இரண்டு நாள் கார் பறந்தது. மூன்றாம் நாள் சேலம் ரோட்டில் ஒரு லாரியை முந்தும்போது பழைய கார் மாதிரியே இருந்தது. மூன்றாவது கியரில் 60லிருந்து 100க்குப் போக எத்தனை வினாடி என்று முன்பே பார்த்து வைத்திருந்தேன். மறுபடி பார்த்தால் அரை வினாடிகூடக் குறையவில்லை.

என் நண்பன் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆட்டோமொபைல் பாடம் எடுக்கிறான். இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "டேய், ஒண்ணு வீல், இன்னொண்ணு இன்ஜின்டா." முதல் சீட்டின் மூலையில் பொடி எழுத்தில் வீல் பவர். இரண்டாவதில் அதே இடத்தில் இன்ஜின் பவர். டிரைவ்டிரெய்ன் லாஸ் என்று 20 சதவீதத்தை இவனே தட்டச்சு செய்து, சக்கரத்தில் வந்ததோடு சேர்த்துக் காட்டியிருக்கிறான்.

அதோடு விடவில்லை. காற்றின் வெப்பமும் அழுத்தமும் நாளுக்கு நாள் மாறும் என்பதால், அளந்ததை ஒரு திருத்தக் காரணியால் பெருக்குவார்கள். முதல் சீட்டில் அது 1.00. இரண்டாவதில் 1.11. காற்று வெப்பம் 51 டிகிரி என்று அச்சாகியிருக்கிறது. காலை முழுக்க மழை பெய்த நாளில் 51 டிகிரி! சென்சாரை ரேடியேட்டர் பக்கம் தொங்கவிட்டால் போதும், சூடான காற்றில் இன்ஜினின் பவர் குறையும் என்று கணக்குப் போட்டு காரணி தானாக ஏறும் என்றான் நண்பன். டர்போ வண்டி காற்றுக் குறைவை ஓரளவு தானே ஈடுகட்டிவிடும், அதற்கு இந்தத் திருத்தத்தை முழுசாகப் போடுவதே தப்பாம். கணக்குப் போட்டோம். 129இல் 20 சதவீதம் கழித்தால் 103. அதை 1.11ஆல் வகுத்தால் 93. முன்பு 91.

இந்த 20 சதவீதமே ஒரு கதை. லாஸ் என்பது எப்போதும் ஒரே சதவீதம் இல்லை. கியர் ஆயிலைக் கடையும் இழப்பு வேகத்தைப் பொறுத்தது, பல்லோடு பல் உரசும் இழப்பு சுமையைப் பொறுத்தது. ரன் முடிந்ததும் கிளட்ச்சை மிதித்து ரோலரின் வேகம் எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்று பார்த்தால் ஓரளவுக்குத் தெரியும். அதுவும் சுமையில்லாத நேரத்து இழப்புதான். அதனால்தான் ஒழுங்கான ஆட்கள் வீல் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அந்த இரண்டு நாள் பறந்தது? ஆக்சிலரேட்டரை மிதிப்பதற்கு இன்ஜின் எவ்வளவு பதில் தர வேண்டும் என்கிற பெடல் மேப்பை மட்டும் மாற்றியிருப்பான், பாதி மிதித்தாலே காற்றை உள்ளே விடும் த்ராட்டில் முழுக்கத் திறக்கும் என்று நண்பன் சொல்கிறான்.

போன் செய்தேன். "500 கிலோமீட்டர் ஓட்டுங்ணா, ஈசியு செட் ஆகணும்." ஓட்டினேன். அப்புறம் "பெட்ரோல் சரியில்லைங்ணா." விலை கூடின பெட்ரோலும் போட்டேன். அப்புறம் "டைனோவுக்கு டைனோ மாறும்ங்ணா." மாறும்தான், ஆனால் இரண்டு சீட்டும் அவன் டைனோவில் வந்ததுதானே! சரி, அதே மெஷினில் வீல் கணக்கில் இன்னொரு ரன் போடு, காசு தருகிறேன் என்றேன். மெஷின் சர்வீஸுக்குப் போயிருக்கிறதாம். தரையில் குழி வெட்டிப் பதித்த ரோலர் எந்த சர்வீஸ் சென்டருக்குப் போகும்? இப்போது போனை வேறு யாரோ எடுத்து "அண்ணன் டிராக்ல இருக்காருங்க" என்கிறார்கள். வாட்ஸப்பில் நீல டிக் மட்டும். 38,500 பற்றிப் பேச்சே இல்லை.

டைனோ சீட்டை எப்படிப் படிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பொறுமை இல்லை. இரண்டு சீட்டிலும் வீல் கணக்குதானா, திருத்தக் காரணி இரண்டிலும் ஒரே அளவுதானா, காற்று வெப்பம் நம்பும்படி இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள். அதே கியர், அதே டயர் அழுத்தம். ஒரு ரன்னை நம்பாதீர்கள், மூன்று கேளுங்கள். வாரன்டி இருக்கிற வண்டி என்றால் கிட்டவே போகாதீர்கள்.

அப்புறம், ஈசியுவில் எதையும் மாற்றும் முன்பே அதில் இருக்கும் கம்பெனி புரோகிராம் ஃபைலை ஒரு பென்டிரைவில் வாங்கிவிடுங்கள். என் காரின் ஒரிஜினல் ஃபைல் இன்னும் அவனிடம்தான் இருக்கிறது.