மீட்டிங்கில் வாய் திறக்கவே பயமா? பெங்களூரு டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில் என் ஆறு மாதம்

ஆபீஸில் இரண்டு முறை டீம் லீட் பொறுப்பு வந்தது, இரண்டு முறையும் வேண்டாம் என்றேன். மேனேஜரிடம் வீட்டுச் சூழ்நிலை என்று சொன்னேன், ஆனால் உண்மையான காரணம் லீட் ஆனால் வாராவாரம் கிளையன்ட்டுடன் நடக்கும் போன் மீட்டிங்கில் நான்தான் பேச வேண்டும் என்பது. திருவண்ணாமலைப் பக்கம் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், இப்போது பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் எட்டு வருஷமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. பிழையைக் கண்டுபிடிப்பது நான், அதை மீட்டிங்கில் எடுத்துச் சொல்வது வேறு யாராவது. என் பெயரைக் கூப்பிட்டாலே தொண்டை அடைத்துக்கொள்ளும்.

முதலில் ஒரு தனியார் பயிற்சி மையத்தில் பணம் கட்டினேன். மூன்று நாள் "என்னால் முடியும்" என்று கூட்டமாகக் கத்த வைத்தார்கள், கைதட்ட வைத்தார்கள், ஒரு முறைகூட என்னைத் தனியாக எழுப்பி ஒரு நிமிஷம் பேசச் சொல்லவில்லை. திங்கட்கிழமை மீட்டிங்கில் அதே நடுக்கம்.

அப்புறம்தான் எங்கள் டீமில் இருக்கும் கோலார் தங்கவயல்காரர் அண்ணன் ஒருவர், "நீ பேசவே வேண்டாம்மா, சும்மா வந்து உட்காரு, கெஸ்டா வந்தா காசு கிடையாது" என்று ஒரு சனிக்கிழமை இந்திராநகரில் நடந்த டோஸ்ட்மாஸ்டர்ஸ் கூட்டத்துக்குக் கூட்டிப் போனார்.

நாலு பேர் முன்னால் பேசப் பழகுவதற்கான இந்த அமைப்பு 1924-இல் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சாண்டா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கியது. பெண்களைச் சேர்க்க ஆரம்பித்ததே 1973-இல்தான் என்று பிறகு தெரிந்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் நான் போன அறையில் பாதிப்பேர் பெண்கள், அதில் ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மா அன்று தன் முதல் பேச்சைப் பேசினார்.

எனக்குப் பிடித்தது அங்கே பேச்சை விட, பேச்சைச் சுற்றி இருக்கும் சின்னச் சின்ன வேலைகள். முதல் மாதம் எனக்கு டைமர் வேலை கொடுத்தார்கள். ஸ்டாப்வாட்சைப் பார்த்து பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளைத் தூக்கிக் காட்ட வேண்டும், கடைசியில் எழுந்து யார் எத்தனை நிமிஷம் பேசினார்கள் என்று வாசிக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த நாலு வரியை இருபது பேர் முன்னால் நின்று சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது என் கால் நடுங்கியதும் உண்மை, யாருமே அதைக் கவனிக்கவில்லை என்பதும் உண்மை. அடுத்து ஆ-கவுண்டர், யார் எத்தனை 'ஆ', 'அம்', 'சோ' போட்டார்கள் என்று எண்ணுகிற வேலை. நன்றாகப் பேசுகிறார் என்று நான் வியந்த ஒருவரின் பேச்சில் பதினெட்டு எண்ணினேன், அன்றைக்கு என் மனசிலிருந்து பெரிய பாரம் ஒன்று இறங்கியது. டேபிள் டாபிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, தலைப்பை அந்த இடத்திலேயே கொடுத்து ஒன்றிலிருந்து இரண்டு நிமிஷம் பேசச் சொல்வார்கள். கிளையன்ட் திடீரென்று கேள்வி கேட்பதற்கு இதைவிட நல்ல ஒத்திகை எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது மாதம் ஐஸ் பிரேக்கர் என்கிற முதல் பேச்சு, நம்மைப் பற்றி நாலிலிருந்து ஆறு நிமிஷம். எங்கள் ஊர் கிரிவலத்தைப் பற்றிப் பேசினேன். மதிப்பீடு செய்தவர் என் உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, வாக்கியத்தின் கடைசியில் குரல் தேய்ந்துவிடுகிறது, அதை மட்டும் பாருங்கள் என்றார்.

இது ஏன் வேலை செய்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். பயந்த இடத்தை விட்டு விலகினால் உடனே ஒரு நிம்மதி கிடைக்கிறது, அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. லீட் வேண்டாம் என்று சொன்ன அன்று சாயங்காலம் எனக்கு எவ்வளவு லேசாக இருந்தது! விலகாமல் அங்கேயே நின்றால் படபடப்பு ஏறி, கொஞ்ச நேரத்தில் தானாக இறங்குகிறது, அப்படிப் பலமுறை இறங்கிய பிறகு உடம்பு அதை ஆபத்தாக எடுத்துக்கொள்வது குறைகிறது. மனநல மருத்துவர்கள் பயத்துக்குச் செய்யும் சிகிச்சையிலும் இப்படிப் படிப்படியாகப் பழக்கும் முறை உண்டு.

குறைகளும் உண்டு. ஆறு மாதத்துக்கு 60 டாலர், புதிதாகச் சேர 20 டாலர் தனி. நம் ஊர் சம்பளத்தில், அதுவும் வேலை தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு, இது கனமான தொகை. எல்லாவற்றுக்கும் கைதட்டும் அறை அது, ஆபீஸ் அப்படி இருக்காது. மேனேஜரிடம் சம்பளம் கேட்பது, கோபமாக இருப்பவரைச் சமாளிப்பது, இதெல்லாம் தனியாகத்தான் பழக வேண்டும். ஒரே கிளப்பைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், இரண்டு மூன்று இடத்துக்கு கெஸ்டாகப் போய்ப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தமிழில் நடத்தும் கிளப்புகளும் உண்டு, விசாரித்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும் சொல்லியே ஆக வேண்டும். முந்தின நாள் தூக்கம் போய், மூச்சு முட்டி, லீவு போடும் அளவுக்குப் பயம் இருந்தால் கிளப் போதாது, டாக்டரைப் பாருங்கள். பெங்களூரிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணுக்கு இலவசமாகப் போன் செய்யலாம், தமிழிலும் பேசுகிறார்கள்.

போன மாதம் ரிலீஸுக்கு முந்தின கிளையன்ட் மீட்டிங்கில் பிழைப் பட்டியலை நானே எடுத்துச் சொன்னேன், இருபது நிமிஷம். நடுவில் கிளையன்ட் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருஷம் நான் பயந்து ஓடியது இந்த ஒரு நொடிக்குத்தான். "பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். சரி என்று சொல்லிவிட்டு அவர்கள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். லீட் பொறுப்பு பற்றி இந்த அப்ரைசலில் நானே மேனேஜரிடம் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.