யெரெவான் தீப்பந்த ஊர்வலம்: எப்படி இருக்கிறது?

ஏப்ரல் 23 இரவு, ஆர்மேனியத் தலைநகர் யெரெவானின் மையத்திலிருந்து, ஆர்மேனிய இனப்படுகொலை நினைவகம் இருக்கும் ட்ஸிட்ஸெர்னகாபெர்ட் குன்று வரை நடக்கும் ஊர்வலம் இது. 1915 ஏப்ரல் 24 அன்று ஒட்டோமான் பேரரசின் தலைநகர் கான்ஸ்டான்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஆர்மேனிய அறிவாளிகள் கைது செய்யப்பட்டதே அந்தப் படுகொலையின் தொடக்கமாக நினைவுகூரப்படுகிறது; அந்த நாளுக்கு முந்தைய இரவில் ஊர்வலம் நடக்கிறது. ஆர்மேனியப் புரட்சிக் கூட்டமைப்பு என்ற அரசியல் கட்சியின் இளைஞர்களே ஏற்பாட்டாளர்கள். அரசியல் கோஷங்களும் கேட்கும். அமைதியான மெழுகுவத்தி அஞ்சலியை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

குறை என்றால் தீப்பந்தம். முன்னால் சாய்த்துப் பிடித்தால் உருகிய மெழுகு முன்னே போகிறவர் முதுகில் விழும். செங்குத்தாகப் பிடித்தால் தண்டு வழியே இறங்கிக் கையைச் சுடும். செங்குத்தாகவே பிடியுங்கள், ஆனால் கைப்பிடிக்கு மேல் ஓர் அட்டை வட்டம் செருகிக்கொள்ளுங்கள். நைலான் ஜாக்கெட் வேண்டவே வேண்டாம், ஒரு பொறி பட்டாலே ஓட்டை. பருத்தியோ கம்பளியோ போதும். துணியில் மெழுகு ஒட்டினால் தேய்க்காதீர்கள். இறுகியபின் சுரண்டிவிட்டு, மேலே காகிதம் வைத்து இஸ்திரி போடுங்கள். காகிதம் உறிஞ்சிவிடும்.

கடைசிப் பகுதி ஏற்றம், நல்ல செருப்பு முக்கியம். புகை ஒத்துக்கொள்ளாதவர்கள் கூட்டத்தின் ஓரமாகவே நடக்கலாம்.

மேலே 1967-இல் திறந்த நினைவகம்: 44 மீட்டர் தூண், உள்நோக்கிச் சாய்ந்த 12 கற்பலகைகள், நடுவே அணையாச் சுடர். நிதானமாகப் பார்க்க அந்த இரவு ஏற்றதல்ல. மறுநாள் பூ வைக்க வரும் கூட்டம் இதைவிடப் பெரியது. அங்குள்ள அருங்காட்சியகத்தை வேறொரு நாளில் பாருங்கள்.